தம்பானூரிலிருந்து ஒரு விண்ணப்பம்

கேரள உயர் நீதிமன்றத்துப் பிரதம நீதிபதி அவர்கள் சமூகத்திற்கு,

நாஞ்சில் நாட்டிலிருந்து பிழைப்பை நாடி வந்து, ரயில் நிலையமும் பஸ் நிலையமும் எதிரெதிரே நிற்கும் இந்தத் திருவனந்தபுரத்துத் தம்பானூரில் நெடுங்காலமாக வசிக்கும் நான், பள்ளி விடுமுறை தொடங்கும் நாட்களில் பிளாட்பாரத்தில் காணும் காட்சி ஒன்றுண்டு: பிரிந்து வாழும், ஒருவர் முகத்தை ஒருவர் ஏறிட்டும் பாராத பெற்றோர் இருவருக்கு நடுவே முதலில் துணிப்பையும், பிறகு தண்ணீர்க் குப்பியும், கடைசியில் குழந்தையும் கைமாறுகின்றன; அழுதால் எந்தப் பக்கத்து மனம் நோகுமோ என்று அஞ்சி, அது அழாமலே நிற்கிறது.

சட்டத்தின்மீது எனக்குக் குறையில்லை. மைனர்களுக்குக் கார்டியன் நியமிப்பதைப் பற்றிய 1890-ஆம் வருஷத்துச் சட்டமே குழந்தையின் க்ஷேமத்தை முன்வைத்து, விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தையும் கேட்கலாம் என்கிறது. பிள்ளைகள் பெற்றோரின் உடைமைகள் அல்லர் என்று சுப்ரீம் கோர்ட்டும் 1973-இல், சென்னையிலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டில், சொல்லிவிட்டது. குறையெல்லாம் வாய்தாவில் இருக்கிறது. வியாஜ்யம் வருஷக்கணக்கில் நீள, குழந்தை இருக்கும் வீட்டிலேயே வேர்விட்டுவிடுகிறது. பிறகு அதைப் பெயர்க்க நீதிபதி தயங்குவது நியாயமே. ஆனால் அந்த நியாயத்தின் பலன், வழக்கை இழுத்தடித்தவருக்கல்லவா போய்ச் சேருகிறது?

இங்கிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள தைக்காட்டில் நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். அது தம்பதியரின் வழக்கன்று. ஆயினும் தாமதத்தின் கொடுமைக்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். 2020 அக்டோபரில் பிறந்த சிசு, பெற்றவளின் சம்மதமின்றிப் பிரிக்கப்பட்டதென்ற புகாருக்கிடையே, குழந்தைகள் நலச் சமிதி வழியாக 2021 ஆகஸ்டில் ஆந்திர தேசத்துத் தம்பதியரிடம் சென்றது. தாய் சமிதியின் வாசலில் சத்தியாக்கிரகம் இருந்து, மரபணுப் பரிசோதனையும் நடந்து, நவம்பர் 24-ஆம் தேதி வஞ்சியூர்க் குடும்ப நீதிமன்றத்தில்தான் மகனைப் பெற்றாள். ஒரு பாவமும் அறியாத அந்த ஆந்திரத் தம்பதியர், கொஞ்சி வளர்த்த பிள்ளையைத் திருப்பித் தந்துவிட்டு வெறுங்கையோடு இருந்தார்கள். அவர்களுக்காக வாசலில் உட்காரவும் யாருமில்லை.

1984-ஆம் வருஷத்துக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, விடுமுறை நாட்களிலும் நீதிமன்றம் அமர்வதற்கு விதி வகுக்கும் அதிகாரத்தைத் தங்கள் நீதிமன்றத்திற்கு அளித்திருக்கிறது. அதைக் கொண்டு, குழந்தை யாரிடம் இருப்பது, மற்றவர் எப்போது பார்ப்பது என்ற இடைக்கால உத்தரவை இத்தனை நாட்களுக்குள் பிறப்பிக்க வேண்டுமென்று ஒரு கெடு விதியுங்கள். பிள்ளைகள் சம்பந்தப்பட்ட விசாரணையைப் பள்ளியில்லாத சனிக்கிழமைக்கு மாற்றுங்கள். குழந்தையைக் கைமாற்றுவதற்கு, பிளாட்பாரமும் கோர்ட்டு வராந்தாவும் அல்லாத, நாலு விளையாட்டுச் சாமான்களாவது உள்ள ஓர் அறையை ஒதுக்குங்கள். வரும் ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் இவற்றைச் செய்தருள வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தம்பானூர்வாசி ஒருவன்