முத்திரையை நம்பி மோசம் போகலாமா?

கீரைக்கூடை சுமக்கும் தாய், காலையிலே 900 ரூபாய் வாங்குகிறாள். மாலையிலே 1,000 ரூபாயாகக் கட்டுகிறாள். ஏன் இந்தக் கொடுமை என்றால், "ஏழைக்குக் கொடுப்பது ஆபத்து, ஆபத்துக்கேற்ற வட்டி" என்கிறான் வட்டிக்காரன். இருக்கட்டும்! அதே தராசிலே பெரிய கம்பெனியையும் நிறுத்துப் பாருங்கள் என்றுதான் கேட்கிறோம்.

கம்பெனிக்கு வரும் முதல் இருவகை: பங்குப் பணம் ஒன்று, கடன் மற்றொன்று. நட்டம் வந்தால் முதலிலே அடிபடுபவர் பங்குதாரர்; ஆகவே அவர் அதிக ஆதாயம் கேட்கிறார். கடன் கொடுத்தவர் முன்வரிசையிலே நிற்பவர். ஆகவே குறைந்த வட்டிக்கு இசைகிறார். 100 ரூபாய் முதலில் 40 பங்கு, அதற்கு 15 சதவீதம். 60 கடன், அதற்கு 8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு ரூபாயும் நாலு ரூபாய் எண்பது காசும் சேர்ந்து, முதலின் விலை ரூ.10.80. தொழில் அதற்குமேல் ஈட்டினால் வாழும், ஈட்டாவிட்டால் வீழும். கடன் ஏற ஏற ஆபத்தும் ஏறும், வட்டியும் ஏறவேண்டும். கணக்கு எளிது, தோழர்களே! ஆபத்தைச் சரியாக அளப்பதுதான் அரிது.

ஐ.எல். அண்டு எஃப்.எஸ். கதையைப் பாருங்கள். 1987-இல் பிறந்த கம்பெனி. சாலை, சுரங்கப்பாதை, மின்நிலையம் என்று 300-க்கு மேற்பட்ட கிளைகள். சாலை போட்ட பணம் சுங்கமாகத் திரும்பப் பல ஆண்டுகள் பிடிக்கும். வாங்கிய கடனிலோ ஒரு பகுதி சில மாதத் தவணை! பனங்கொட்டை நட்டவன், மூன்று மாதத்தில் நுங்கு தருகிறேன் என்று எழுதிக்கொடுத்த கதைதான்.

இதை அளக்க ஆளில்லையா? இருந்தனர்! தர நிர்ணயக் கம்பெனிகள், 2018 ஆகஸ்டு வரை 'ஏஏஏ' என்ற முதல்தர முத்திரை குத்தியிருந்தன. செப்டம்பரிலே, கடன் கட்டத் தவறியது என்று கடைசித் தரத்துக்குத் தள்ளின. கடன் ஏறத்தாழ 91,000 கோடி ரூபாய்! அக்டோபர் 1-இல் மத்திய சர்க்கார் நிர்வாகக் குழுவையே மாற்றவேண்டி வந்தது.

முத்திரையை நம்பிக் கொடுக்கப்பட்ட பணத்திலே, தொழிலாளர் சேமநல நிதிகளின் பணமும் இருந்தது. மாதந்தோறும் சம்பளத்திலே பிடித்த காசு, கிழப்பருவத்துக்குக் கஞ்சி!

ஏன் நேர்ந்தது? அளக்கப்படுவோனே அளப்போனுக்குக் கூலி தருகிறான். படியளக்கும் பண்ணையாரை எவன் பழிப்பான்? மூன்று தர நிர்ணயக் கம்பெனிகளுக்கு 2019-இல் செபி விதித்த அபராதம் தலைக்கு 25 லட்சம்; பின்னர் அது உயர்த்தப்பட்டது. ஆனால் கூலி தரும் முறை மாறவில்லை.

ஆகவே சொல்கிறோம்: சேமநல நிதிக் குழுக்களிலே அமரும் தொழிலாளர் பிரதிநிதிகள் மூன்று கேள்வி கேட்கவேண்டும். வட்டி கட்டுமளவு தொழிலிலே பணம் வருகிறதா? வரவும் தவணையும் ஒத்துப்போகின்றனவா? முத்திரை குத்தியவனுக்குக் கூலி கொடுத்தவன் யார்?

கீரைக்காரிக்கு ஒரு தராசு, கோடீசுவரனுக்கு ஒரு தராசு என்றால், குறைகிற எடை உழைப்பவன் மடியிலிருந்துதான் போகிறது!