இப்னுல் ஹைதமும் கெமராவும்



"கெமராவைக் கண்டுபிடித்தவர் இப்னுல் ஹைதம்" என்ற படம் திரும்பவும் நமது குழுக்களில் சுற்றுகிறது. தயவுசெய்து பகிர வேண்டாம். இருட்டறையில் சிறு துவாரத்தால் வரும் ஒளியை அவர் ஆராய்ந்தார்; கெமரா செய்யவில்லை.

அவர் செய்த பெரிய வேலையை நாம் பேசுவதே இல்லை. 'கிதாபுல் மனாழிர்' ஐந்தாம் பாகத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பொருள், ஒரு கண், ஒரு வளைந்த ஆடி. ஒளி ஆடியின் எந்தப் புள்ளியில் பட்டுத் தெறித்துக் கண்ணுக்கு வருகிறது? தளவாடி என்றால் லேசு. கோள ஆடி என்றால் நாலாம் படிச் சமன்பாடு வரை போகும். அதிபரவளைவை வைத்துத் தீர்த்தார் மனிதர்!

இன்று றோபோவுக்குச் சுற்றிவரத் தெரிய, கெமராவுக்கு முன்னால் குவிவாடி பூட்டுகிறார்கள். படத்தில் நேர்கோடுகள் வளையும். சரிப்படுத்த, செஸ் போர்டைப் பல கோணங்களில் படம்பிடித்து, ஒவ்வொரு மூலையின் ஒளியும் ஆடியில் எங்கே பட்டது என்று கணிக்க வேண்டும். கோள ஆடியில் அது அவருடைய அதே கணக்குத்தான். 2011இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே அவர் பெயர் இருக்கிறது.

மீலாத் மேடையில் பெயரை மட்டும் சொல்லிவிட்டு இறங்குகிறோம். சாதாரண தரத்தில் கதிர் வரிப்படம் கீறும் நம் பிள்ளைகளுக்கு இதை யார் சொல்வது? இன்றிரவு கரண்டியின் முதுகில் பல்பைப் பார்க்கச் சொல்லுங்கள். தலையை அசைக்க, அந்த வெளிச்சப் புள்ளி எங்கே நகர்கிறது என்று கேளுங்கள்.