உடல்மொழி என்றொரு மொழி இல்லை

தீபாவளி நெருங்கும் வாரங்களில் தில்லியின் வீட்டுக்கூடங்கள் பல சீட்டாட்டக் கூடங்களாக மாறிவிடும். ‘தீன் பத்தி’ எனப்படும் மூன்று சீட்டு ஆட்டம் இரவெல்லாம் நடக்கும். சில வட்டங்களில் அதனருகே போக்கரும் இடம் பிடித்திருக்கிறது. எந்த ஆட்டமானாலும், முகம் படிப்பதில் வல்லவர் என்று தம்மைக் கருதிக்கொள்பவர் மேசைக்கு ஒருவராவது இருப்பார். எதிரில் அமர்ந்திருப்பவரைக் கண்கொட்டாமல் முறைப்பார். சிப்புகளை ஓயாமல் உருட்டி ஒலியெழுப்புவார். வெல்லும் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஐந்து நிமிடம் யோசிப்பதாகப் பாவனை செய்வார். தாம் ஆட்டத்திலிருந்து விலகிய பின்னும் பிறர் ஆட்டத்துக்கு விளக்கவுரை சொல்வார். இவை எரிச்சலூட்டும் பழக்கங்கள் என்று யாரேனும் சுட்டினால், எதிராளியின் உடல்மொழியை வெளிக்கொணரும் உத்தி இது என்பது அவரது விடை.

மொழியியல் பயின்றோர் இந்தச் சொல்லாட்சியை எதிர்க்கக் கடமைப்பட்டவர்கள். மொழி என்பது ஒரு சமூகம் பொதுவில் ஏற்றுக்கொண்ட குறிகளின் ஒழுங்கு. உடலால் பேசப்படும் மொழி உண்டு. அது சைகை மொழி. இந்திய சைகை மொழிக்கென 2015இல் தில்லியில் ஓர் ஆய்வு, பயிற்சி மையம் நிறுவப்பட்டது. அது தொகுத்த அகராதி 2021இல் 10,000 சொற்களை எட்டியது. அம்மொழிக்கு இலக்கணம் உண்டு. பிழையாகக் காட்டினால் திருத்துவோர் உண்டு. சீட்டைப் பிடித்த கையின் நடுக்கத்துக்கு இவற்றில் எதுவும் இல்லை. நல்ல சீட்டு வந்த கிளர்ச்சியும், கெட்ட சீட்டை மறைக்கும் அச்சமும், தூக்கமின்மையும், நான்கு கோப்பைத் தேநீரும் ஒரே நடுக்கத்தையே தரும். இத்தனை காரணங்களுக்குப் பொதுவான விளைவு ஒன்றை எதன் சொல்லாகக் கொள்வது?

ஆய்வுகளும் இந்த நிபுணருக்குத் துணை நிற்கவில்லை. சார்லஸ் பாண்ட், பெல்லா டிபவுலோ ஆகியோர் 2006இல் இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். பொய்யையும் மெய்யையும் பிரித்தறிவதில் மனிதர் பெற்ற சராசரி வெற்றி 54 விழுக்காடு; நாணயத்தைச் சுண்டினாலே 50 கிடைக்கும். உலகப் போக்கர் தொடரின் காணொளிகளைக் கொண்டு மைக்கேல் ஸ்லெபியன் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. ஆட்டக்காரரின் முகத்தை மட்டும் பார்த்தவர்களால் அவர் சீட்டின் தரத்தைக் கணிக்க இயலவில்லை. கையசைவை மட்டும் பார்த்தவர்களுக்குச் சிறிதளவே துப்புக் கிடைத்தது. 2017இல் லிப்ராட்டஸ் என்னும் கணினி நிரல் தேர்ந்த போக்கர் ஆட்டக்காரர் நால்வரை 1,20,000 ஆட்டங்களில் வென்றது. அது எவர் முகத்தையும் பார்க்கவில்லை.

ரம்மி திறன் சார்ந்த ஆட்டம் என்று 1967இல் உச்ச நீதிமன்றம் கூறியபோது, விழும் சீட்டுகளை நினைவில் வைப்பதையும், எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்ற தேர்வையுமே திறன் எனக் காட்டியது. மூன்று சீட்டு ஆட்டத்தையோ முற்றிலும் தற்செயல் சார்ந்தது என ஒதுக்கியது. முறைத்துப் பார்ப்பதற்கு அங்கே மதிப்பெண் இல்லை.

குறிப்பறிதலுக்குத் திருக்குறளில் இரண்டு அதிகாரங்கள் இல்லையா என்று கேட்கலாம். உண்டு; முகம் நெஞ்சைக் காட்டும் என்ற கருத்தும் அங்கே உண்டு. ஆனால் ஓர் அதிகாரம் அரசனை அணுக்கமாய் அறிந்த அமைச்சனுக்குரியது, மற்றொன்று காதலர்க்குரியது. நெடும்பழக்கமும் சூழலும் தரும் அறிவு அது. முன்பின் அறியாத ஒருவரின் கண்ணிமைப்பிலிருந்து அவர் உள்ளத்தை உரைக்கும் உரிமையை அது எவருக்கும் வழங்கவில்லை.

சீட்டு மேசையோடு இம்மூடநம்பிக்கை முடிந்துவிட்டால் பெரிய இழப்பில்லை. அது வாய்மொழித் தேர்வறைக்கும் நேர்காணல் குழுவுக்கும் வருகிறது. பெரியவர்களை நேருக்கு நேர் நோக்காமல் பேசுவதே மரியாதை என்று வளர்ந்த சிற்றூர் மாணவி தலைநகரின் நேர்காணலில் கண் தாழ்த்தினால், ‘தன்னம்பிக்கை இல்லை’ என்ற குறிப்பு விழுகிறது. சாட்சியின் தோற்றம், நடத்தை குறித்து நீதிபதி குறிப்பெழுத 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 280இல் இடம் தந்தது. ஒருவரின் இசைவின்றிப் பொய்யறியும் கருவியை அவர்மீது பயன்படுத்தலாகாது என்று செல்வி வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கருவிக்குக் கடிவாளம் போட்டாயிற்று. தேர்வாளரின் வெறுங்கண்ணுக்கு இன்னும் போடவில்லை.

மேசையில் முறைப்பதும் சீண்டுவதும் நேரத்தை இழுப்பதும் பண்பின்மை. அவற்றை அப்பெயராலேயே அழைப்போம். நேர்காணலில் மாணவரின் விடையை மதிப்பிட வேண்டும். அவர் விரல்கள் நடுங்கினால், ஒரு குவளை தண்ணீர் கொடுத்தால் போதும்.