பத்தே முக்கால் கோடியும் இரண்டு ஆட்டங்களும்

தமிழ்நாடு பிரீமியர் லீக் கோப்பையைத் திருப்பூரின் பெயர் தாங்கிய அணி முதன்முறையாக வென்றிருக்கிறது. திண்டுக்கல் மாவட்டம் நத்தத்தில் 2025 ஜூலை 6 அன்று நடைபெற்ற இறுதி ஆட்டத்தில், சாய் கிஷோர் தலைமையிலான திருப்பூர் தமிழன்ஸ், அஸ்வின் தலைமையிலான திண்டுக்கல் டிராகன்ஸை 118 ரன்கள் வித்தியாசத்தில் தோற்கடித்தது. இருபது ஓவர் ஆட்டமொன்றின் இறுதிக்கு இது மிகப் பெரிய இடைவெளி. அமித் சாத்விக், துஷார் ரஹேஜா ஆகியோரின் ஆட்டம் குறித்து விளையாட்டுப் பக்கங்கள் போதிய அளவு எழுதிவிட்டன. நான் பேச விரும்புவது அந்த அணியின் வீரர் பட்டியலில் இருந்த இன்னொரு பெயரைப் பற்றி: தங்கராசு நடராஜன்.

நடராஜன் திருப்பூர்க்காரர் அல்லர். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்தவர். 2016-இல் இதே லீக்கில் திண்டுக்கல் அணிக்காக ஆடியவர், ஏலத்தின் வழியே திருப்பூருக்கு வந்து சேர்ந்தார். வெளியூரிலிருந்து அழைத்து வரப்பட்ட வீரர் என்று யாரேனும் முகம் சுளித்தால், அவர்களுக்குத் திருப்பூரைத் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் இந்த ஊரின் தையல் எந்திரங்களுக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர்களில் பெரும்பகுதியினர் தென்மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பிகார், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்தும் வந்தவர்களே. நடராஜனின் தந்தையும் தறித் தொழிலாளிதான். சேலத்திலிருந்து ஈரோடு வழியாகத் திருப்பூர், பல்லடம் வரை நீளும் நூலின் நிலத்திலேயே அவர் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு வந்திருக்கிறார்.

அவருடைய சிக்கல் வேறு. அதைச் சொல்ல அவருடைய கணக்கைச் சற்று விரித்துப் பார்க்க வேண்டும்.

டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்த இளைஞர், இருபது வயதையொட்டித்தான் தோல் பந்துக்கு வந்தார். 2015 தொடக்கத்தில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமானபோதே, பந்துவீச்சு முறை விதிமீறலானது என்று புகார் எழுந்தது. முழங்கை அசைவை அடியோடு திருத்திக்கொண்டு திரும்பினார். 2016-இல் டிஎன்பிஎல் சூப்பர் ஓவர் ஒன்றில் ஆறு பந்துகளையும் யார்க்கராக வீசியதாகப் பேசப்பட்ட அந்த இரவுதான் அவருக்கு வாசலைத் திறந்தது. அடிப்படை விலை 10 லட்சம் ரூபாயாக இருந்த அவரை, 2017 ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடிக்கு வாங்கியது. ஆறு ஆட்டங்களில் இரண்டு விக்கெட்டுகள். அடுத்த ஆண்டு விலை 40 லட்சமாகச் சரிந்தது, வாங்கியது ஹைதராபாத். அங்கே 2018, 2019 ஆகிய இரு பருவங்களிலும் ஓர் ஆட்டத்தில்கூட அவர் களமிறக்கப்படவில்லை.

2020-இல் வாய்ப்புக் கிடைத்தது. 16 விக்கெட்டுகள் எடுத்தார். வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டவர், டிசம்பர் 2 அன்று கான்பெராவில் ஒருநாள் ஆட்டத்திலும், இரண்டு நாள் கழித்து அதே ஊரில் டி20-யிலும், ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் டெஸ்டிலும் அறிமுகமானார். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. பின்னர் முழங்கால் அறுவைச் சிகிச்சை. 2021 மார்ச்சுக்குப் பிறகு அவர் இந்தியாவுக்காக ஆடவில்லை. ஒரு டெஸ்ட், இரண்டு ஒருநாள், நான்கு டி20 என்பதோடு சர்வதேசக் கணக்கு நிற்கிறது.

ஆனாலும் அவர் ஓய்ந்துவிடவில்லை. ஐபிஎல்லில் 2022-இல் 18 விக்கெட்டுகள், 2024-இல் 19. அதனால்தான் டெல்லி கேப்பிடல்ஸ் அவருக்கு 10.75 கோடி கொடுத்தது. அதன் பிறகு நடந்ததுதான் என்னை எழுதத் தூண்டியது. 2025 பருவம் முழுவதிலும் அவருக்குக் கிடைத்தவை இரண்டே ஆட்டங்கள், விக்கெட் ஏதுமில்லை. விலை உயர்ந்த ஆண்டிலேயே வேலை இல்லாமற் போயிற்று.

பணம் வந்துவிட்டதே, பிறகென்ன குறை என்று கேட்கலாம். பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் ஒருவர் ஆர்டர் இல்லாத வாரத்தில் வெறுங்கையோடு வீடு திரும்புகிறார். கோடிகளைப் பெற்றுக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்காக இரங்க வேண்டுமா என்பது நியாயமான கேள்விதான். இரக்கத்தைக் கேட்டு நான் எழுதவில்லை. ஆனால், பல மாதங்கள் எந்திரத்தில் உட்காராத டைலரின் கை என்ன ஆகும் என்பதை அந்தத் தொழிலாளியே சொல்லிவிடுவார். வேகம், தசை, யார்க்கரின் நீளம் ஆகிய அனைத்தும் ஆட்டத்தின் அழுத்தத்தில் மட்டுமே கூர்மை பெறுபவை. வலையில் ஆயிரம் பந்துகள் வீசினாலும் பத்தொன்பதாவது ஓவரின் படபடப்பு அங்கே கிடைக்காது. முப்பத்து நான்கு வயதில், அறுவை கண்ட முழங்காலோடு இருப்பவருக்கு ஒரு பருவம் என்பது சிறிய இழப்பல்ல.

இங்கே அமெரிக்காவின் பேஸ்பாலைப் பார்ப்பது பயன் தரும். அந்த விளையாட்டோடு நமக்கு ஒரு பழைய உறவும் உண்டு. 2008-இல் இந்தியாவில் நடத்தப்பட்ட 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற தொலைக்காட்சிப் போட்டியில் 37,000-க்கும் மேற்பட்டோர் பந்தெறிந்தனர். வெற்றி பெற்ற ரிங்கு சிங், தினேஷ் படேல் ஆகிய இருவரும் உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறியும் இளைஞர்கள். அதுவரை பேஸ்பாலைக் கையில் தொட்டதில்லை. அவ்வாண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் கழகம் இருவரையும் ஒப்பந்தம் செய்தது. 2014-இல் டிஸ்னி இதைப் படமாக்கியது, ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்தார். படம் ஒப்பந்தத்தோடு இனிதே முடிந்துவிட்டது. வாழ்க்கை அப்படி முடியவில்லை. தினேஷ் 2010-இல் விடுவிக்கப்பட்டார். ரிங்கு அதன் பிறகும் ஒற்றை ஏ நிலையில் வீசினார். காயங்களும் முழங்கை அறுவையும் குறுக்கிட்டன. முதன்மை லீக்கை எட்டாமலேயே மல்யுத்த மேடைக்குச் சென்றுவிட்டார்.

அவர்கள் தோற்றார்கள். ஆனால், எறிந்து எறிந்து தோற்றார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு முதன்மை லீக் அணியின் ஆடும் பட்டியலில் 26 பேருக்குத்தான் இடம். பிளோரிடாவிலும் அரிசோனாவிலும் நடக்கும் வசந்தகாலப் பயிற்சியின் முடிவில் அந்தப் பட்டியலில் இடம்பெறாத பிட்ச்சர் வீட்டுக்கும் போவதில்லை, பெஞ்சிலும் உட்காருவதில்லை. கழகத்தின் கீழ்நிலை அணிகளில் ஒன்றுக்கு அனுப்பப்படுகிறார். அங்கே ஐந்தாறு நாள்களுக்கு ஒருமுறை முழு ஆட்டத்தில் வீசுகிறார்.

ஜப்பானிலிருந்து இறக்குமதியான கெய் இகாவாவின் கதை நடராஜனுடையதற்கு இன்னும் நெருக்கமானது. அவரோடு பேசும் உரிமைக்கு மட்டும் நியூயார்க் யாங்கீஸ் 2.6 கோடி டாலர் செலுத்தியது. ஐந்தாண்டு ஒப்பந்தத்துக்கு மேலும் 2 கோடி டாலர். 2007-இல் வந்தவர் முதன்மை அணிக்காக ஆடியவை 16 ஆட்டங்கள், வென்றவை இரண்டு. நியூயார்க் ஊடகங்கள் அவரைக் கழகத்தின் மிக மோசமான முதலீடுகளில் ஒன்றாகவே எழுதின. அப்படிப்பட்டவரும் ஒப்பந்தக் காலத்தின் பெரும்பகுதியை ஸ்க்ரான்டன், டிரென்டன் ஆகிய சிற்றூர் அணிகளில் பந்து வீசியே கழித்தார். ஸ்க்ரான்டனில் நன்றாகவும் வீசினார். அவருக்குத் தன் தொழிலைச் செய்ய ஒரு களம் இருந்தது.

அந்த அமைப்பைப் புகழ்ந்து பாடவும் நான் தயாரில்லை. கீழ்நிலை லீக் வீரர்களுக்கு நெடுங்காலம் கொடுக்கப்பட்டது அரைவயிற்றுக் கூலி. குறைந்தபட்ச ஊதியம்கூடத் தரப்படவில்லை என்று அவர்கள் தொடுத்த வழக்கு, 2022-இல் 18.5 கோடி டாலர் இழப்பீட்டு உடன்பாட்டில்தான் முடிந்தது. அதே ஆண்டு அவர்கள் தொழிற்சங்கத்தில் இணைந்தார்கள். 2023-இல் முதல் கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. கூலி ஒப்பந்தப் பேச்சுவார்த்தைகளைப் பல தலைமுறையாகப் பார்த்துவரும் திருப்பூருக்கு இது நன்கு புரியும்.

அங்கே மற்றொரு விதியும் உண்டு. திறமையான இளைஞர்களை வாங்கிக் கீழ்நிலையில் பூட்டி வைத்திருக்கும் பணக்காரக் கழகங்களைத் தடுக்க, ஆண்டுதோறும் டிசம்பரில் ஒரு தேர்வு நடக்கிறது. குறிப்பிட்ட ஆண்டுகள் கடந்தும் நாற்பது பேர் கொண்ட பாதுகாக்கப்பட்ட பட்டியலில் ஒரு வீரரைச் சேர்க்காவிட்டால், வேறொரு கழகம் சிறு தொகை கட்டி அவரை எடுத்துக்கொள்ளலாம். எடுத்த கழகம் அடுத்த பருவம் முழுவதும் அவரைத் தன் முதன்மை அணியிலேயே வைத்திருக்க வேண்டும். நீ பயன்படுத்தாத கையை இன்னொருவன் பயன்படுத்தட்டும் என்பதே இதன் பொருள். கழகத்தின் உடைமை உரிமைக்கு மேலாக வீரரின் உழைக்கும் உரிமையை வைக்கும் விதி இது.

ஐபிஎல்லில் இப்படி ஒன்று அறவே இல்லை எனக் கூற முடியாது. இரண்டு ஆட்டங்களுக்கு மேல் ஆடாத வீரரைப் பருவத்தின் நடுவில் வேறோர் அணிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு 2020-இல் பெரிதாகப் பேசப்பட்டது. அந்த ஆண்டு ஒரு மாற்றமும் நடக்கவில்லை. காரணம் எளிது: தன் ரகசியங்களை அறிந்த வீரரைப் போட்டியாளரிடம் கொடுக்க எந்த முதலாளியும் விரும்புவதில்லை, வீரருக்கோ அதைக் கேட்டுப் பெறும் உரிமை இல்லை. முதலாளியின் விருப்பத்துக்கு விடப்பட்ட சலுகை ஏட்டில்தான் தங்கும். ஓர் அணியில் 25 பேர் வரை இருக்கலாம். இம்பாக்ட் வீரரையும் சேர்த்தால் ஓர் ஆட்டத்துக்கு 12 பேர். எஞ்சியவர்கள் இரண்டு மாதம் தண்ணீர்ப் புட்டி சுமக்கிறார்கள். அந்த மாதங்களில் உள்நாட்டில் ஆடுவதற்கு வேறு பெரிய போட்டி கிடையாது. ஓய்வு பெறாத இந்திய வீரர் அயல்நாட்டு லீக்குகளில் ஆடவும் வாரியம் அனுமதிப்பதில்லை. 2025 முதல் ஆடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனியாக 7.5 லட்சம் ரூபாய் தரப்படுகிறது; பத்துக் கோடிக்காரருக்கு அது பெரிதில்லை, 30 லட்சத்துக்கு வாங்கப்பட்டு உட்கார வைக்கப்பட்ட இளைஞருக்கு அது பெரிது. இந்தக் கட்டுரையின் உண்மையான கவலை அவரைப் பற்றியது. நடராஜனை நாம் அறிவோம்; அவரை அறிய மாட்டோம்.

டெல்லி அணியின் தரப்பையும் சொல்லிவிட வேண்டும். மிட்செல் ஸ்டார்க் என்னும் இடக்கை வேகப்பந்து வீச்சாளர் அங்கே இருந்தார். முகேஷ் குமாரும் இருந்தார். தோற்றால் பதவி போகும் பயிற்சியாளரிடம் எல்லோருக்கும் வாய்ப்புக் கொடு என்று சொல்ல முடியாது. நடராஜனும் நான்கு நாள் ஆட்டங்களில் தமிழ்நாட்டுக்காக வீசி ஆண்டுகளாகின்றன. முழங்கால் அந்தச் சுமையைத் தாங்காது என்ற அச்சம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆகவே, குற்றம் ஓர் அணியுடையது என்று நான் கருதவில்லை. ஆட்டக்காரரின் உடலையும் நேரத்தையும் சேர்த்து வாங்கும் ஏலம், அவற்றைப் பயன்படுத்தும் கடமையை யார் மீதும் சுமத்துவதில்லை என்பதே குறை.

இந்தப் பின்னணியில்தான் டிஎன்பிஎல்லின் மதிப்பு எனக்குத் தெரிகிறது. 2025 ஐபிஎல் ஜூன் 3 அன்று முடிந்தது. டிஎன்பிஎல் ஜூன் 5 அன்று தொடங்கியது. 2023-இல் இங்கு முதன்முறையாக ஏலம் நடந்தபோது ஓர் அணி முழுவதையும் வாங்க அனுமதிக்கப்பட்ட தொகை 70 லட்சம். டெல்லி ஒரு மனிதருக்குக் கொடுத்ததில் பதினைந்தில் ஒரு பங்கு. நமக்குக் கிடைத்திருக்கும் ஸ்க்ரான்டன் இதுதான். ஐபிஎல்லில் உட்கார்ந்திருந்தவரும், ஐபிஎல்லை எட்டிப் பார்க்கத் துடிப்பவரும் ஒரே பந்தைப் பகிர்ந்துகொள்ளும் இடம். ஆனால், ஒரு மாதத்தில் இது முடிந்துவிடுகிறது. மாநில வாரியங்கள் இத்தகைய லீக்குகளை இன்னும் கோடைக்காலக் கேளிக்கையாகவே நடத்துகின்றன. ஐபிஎல் கழகங்கள் தங்கள் பெஞ்சு வீரர்களை அனுப்பி வைக்கும் முறையான இரண்டாம் அடுக்காக இதை மாற்ற எவரும் முயலவில்லை.

திருப்பூருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. காரைக்குடியின் பெயரில் ஆடிய அணி, இடம் மாறி, 2021 முதல் திருப்பூரின் பெயரில் ஆடி வருகிறது. இத்தனை ஆண்டுகளில் திருப்பூரில் ஒரு டிஎன்பிஎல் ஆட்டம்கூட நடந்ததில்லை. கோவை, சேலம், நெல்லை, நத்தம் என்று பிற ஊர்களின் மைதானங்களிலேயே அது சாம்பியனாகியிருக்கிறது. சின்னப்பம்பட்டி என்ற கிராமத்தில் நடராஜன் தன் சம்பாத்தியத்தில் ஒரு மைதானத்தை அமைத்தார். 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக் அதைத் திறந்து வைத்தார். ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் உள்ள ஒரு மாநகரம், தன் பெயரில் கோப்பை வென்ற அணியை வரவேற்க ஒரு புல்தரை இல்லாமல் நிற்கிறது. ஓவர்லாக் எந்திரத்தில் ஷிப்ட் முடித்து வரும் இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் காலி மனைகளில் டென்னிஸ் பந்து வீசிக்கொண்டிருக்கிறார்கள். நடராஜனும் அங்கிருந்துதான் தொடங்கினார். டெல்லி வெளியிடும் தக்கவைப்புப் பட்டியலில் ஒரு வீரரின் பெயர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். டிஎன்பிஎல் அட்டவணையில் திருப்பூர் ஓர் ஆடுகளமாக இடம்பெறுமா என்பதை முடிவு செய்ய டெல்லியின் தயவு தேவையில்லை.