இடவப்பாதிக்குக் காத்திராத மழை

திருவனந்தபுரத்தில் வெட்டிப் போட்ட ஸ்மார்ட் சிட்டி சாலைகளைப் பருவமழைக்கு முன் முடித்துவிடலாம் என்று நாள் குறித்தவர்கள், 2024 மே மாதத்தில் ஒரு மாலையாவது அட்டக்குளங்கரையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நடந்து பார்த்திருக்க வேண்டும். பள்ளத்துக்கும் கடைக்கும் நடுவே ஒற்றைப் பலகை. அதன்மேல் மூட்டையோடு தடுமாறும் சுமைத் தொழிலாளி. சாலை என்ற பெயருள்ள கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் மல்லி மூட்டைகளைச் செங்கல் அடுக்கி ஏற்றி வைத்திருந்தார்கள். முந்தைய நாள் புகுந்த தண்ணீரின் கோடு இரண்டாவது செங்கலில் படிந்திருந்தது. இத்தனைக்கும் இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை அப்போது வந்திருக்கவில்லை. மே 31-ஐ ஒட்டித்தான் தொடங்கும் என்றது வானிலைத் துறையின் கணிப்பு.

பெய்தது கோடை மழை. அதை எதிர்பாராத மழை என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்ததுதான் எரிச்சலைக் கிளப்பியது. எதிர்பார்க்காமல் இருந்தது மழையின் குற்றமா?

கேரளம் முழுவதற்கும் ஒரே மழை என்ற நினைப்பில்தான் கோளாறு தொடங்குகிறது. காசர்கோடு, கண்ணூர் பக்கம் தென்மேற்குக் காற்று மலைத்தொடரில் நேராக மோதுகிறது. அங்கே ஆண்டு மழையில் பெரும்பங்கு ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். தென்கோடியில் அந்தக் காற்றின் வேகம் அவ்வளவு பலிப்பதில்லை. அந்த நான்கு மாதங்களில் மாநிலச் சராசரி ஏறத்தாழ 2,000 மி.மீ.; திருவனந்தபுரம் மாவட்டத்துக்குக் கிடைப்பது 900-க்கும் குறைவு. காசர்கோட்டில் பெய்வது இதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல்.

ஆனால் கோடையில் கணக்கு தலைகீழ். மார்ச் முதல் மே வரை தெற்கு மாவட்டங்கள் வடக்கை முந்துகின்றன. காலை முழுக்கத் தரை காய்கிறது. ஈரத்தைச் சுமந்த கடற்காற்று உள்ளே ஏறி, பொன்முடி, அகத்தியகூடம் சரிவுகளில் மேலெழுந்து, பிற்பகலில் இடிமேகமாகத் திரள்கிறது. உயரத்தில் வீசும் கீழைக்காற்று அதைக் கடற்கரைப் பக்கம் தள்ளுகிறது. நெடுமங்காட்டில் இடித்தால் கொடியிலிருந்து துணியை எடுக்க வேண்டும் என்பது இந்நகரத்து இல்லத்தரசிகளுக்குத் தெரியும். குமரிக் கடலுக்கு மேல் ஒரு சுழற்சி அமைந்துவிட்டால், மாலை மழை நாள் முழுக்க நீளும். ஐப்பசி, கார்த்திகையிலும் மழை உண்டு. ஆக, இந்நகருக்கு மழைக்காலம் ஒன்றல்ல, மூன்று.

இது தெரியாமல் போக நியாயமே இல்லை. மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில், 1837-ஐ ஒட்டி, வானாய்வகம் கண்ட ஊர் இது. மழையை அளப்பதில் இவ்வளவு நீண்ட மரபுள்ள நகரங்கள் நாட்டில் அதிகமில்லை. அளந்து என்ன? ஓடையைத் தூர்வார, சாலையை மூட, கால்வாயைச் சரிசெய்ய என்று எந்த வேலைக்கும் இடவப்பாதிதான் கெடு. காசர்கோட்டுக்குத் தைத்த சட்டையைத் திருவனந்தபுரத்துக்கு மாட்டியிருக்கிறார்கள்.

அதுவும் எந்த ஆண்டில்? ஏப்ரல் முழுக்க வெயில் வாட்டியது. மே இரண்டாம் வாரம் வரை மழை ஏமாற்றியது. வறண்ட மண்ணைப் பார்த்ததும், இனி ஜூன் வரை கவலையில்லை என்று மண்வெட்டியோடு நிம்மதியாக இருந்துவிட்டார்கள் போலும். ஒரே நேரத்தில் இத்தனை சாலைகளைப் பிளந்து போட எந்த அவசரம் தூண்டியது? பிளந்ததை மூட ஏன் அதே அவசரம் வரவில்லை?

பழைய கதைகளையும் சொல்லத்தான் வேண்டும். 2015-ல் 'ஆபரேஷன் அனந்தா' என்ற பெயரில் ஓடைகளை மீட்கப் புறப்பட்டார்கள். தம்பானூரிலும் கிழக்கே கோட்டையிலும் ஆக்கிரமிப்புகள் இடிபட்டபோது மக்கள் கைதட்டினார்கள். பிறகு இயந்திரங்கள் போயின, சேறு திரும்பியது. 2020 மே 22-ல் மழையால் அருவிக்கரை அணையின் மதகுகள் திறக்கப்பட்டன. கரமனை ஆற்றோரத்திலும் கிள்ளியாற்றோரத்திலும் இருந்தவர்கள் வீட்டுக்குள் தண்ணீரோடு கண் விழித்தார்கள். அதுவும் கோடை மழைதான் என்பதை யாரும் நினைவில் வைக்கவில்லை. 2023 அக்டோபர் 15-ல் ஒரே இரவு மழைக்குக் கண்ணம்மூலையும் கௌரீசபட்டமும் கழக்கூட்டமும் மூழ்கின. அப்போதும் ஆய்வுக் கூட்டம் நடந்தது, தேநீர் வந்தது, உறுதிமொழி வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் பெயர்ப்பலகைகள் மாறியிருக்கலாம், சுபாவம் மாறவில்லை.

மக்களின் பொறுமையை மழைமானியில் அளக்க முடியாது என்பது நாள் குறிப்பவர்களுக்கு வசதியாகிவிட்டது. தோண்டிய குழியில் விழுந்தால் விழுந்தவர் கவனக்குறைவு. கடைக்குள் தண்ணீர் புகுந்தால் வியாபாரியின் தலைவிதி. மழை பெய்தால் வானத்தின் குற்றம். பொறுப்பு மட்டும் எவர் தலையிலும் நனைவதில்லை.

இனியாவது இந்நகரின் வேலைகளுக்கு இந்நகரின் மழையைப் பார்த்து நாள் குறிக்க வேண்டும். உரியவர்கள் விழித்துக்கொண்டு ஆவன செய்ய வேண்டும். செய்வார்கள் என்று அந்தப் பலசரக்குக் கடைக்காரர் நம்பியதாகத் தெரியவில்லை. அவர் மூன்றாவது வரிசைச் செங்கலை அடுக்கத் தொடங்கிவிட்டிருந்தார்.