மாண்டவர் மன்னர், மாளாதது உழைப்பு!

மத்தியப் பிரதேசத்திலே, தார் மாவட்டத்திலே, விந்திய மலைமீது ஓர் ஊர். மாண்டு என்று பெயர். ஒரு காலத்தில் மாளவத்தின் தலைநகரம். இன்று ஆரவாரமற்ற சிற்றூர். அண்மையிலே சென்று பார்த்தேன், தோழர்களே! பெயருக்கேற்ப மாண்டுதான் போயினர், மன்னர்கள்! மாளாமல் நிற்கிறது, உழைப்பாளியின் கைத்திறன்!

தாரிலிருந்து தலைநகரை இந்த மலைக்குக் கொண்டுவந்த ஹோஷங் ஷா, 1435-ல் மறைந்தான். பிறகு கில்ஜிகள் ஆண்டனர். 1561-ல் அக்பரின் படை வந்தது. பாஸ் பகதூர் ஓடினான். அவன் காதலி ரூபமதி நஞ்சுண்டு மடிந்தாள் என்பது கதை. வழிகாட்டிகள் அந்தக் கதையைத்தான் உருகி உருகிச் சொல்லுகின்றனர். கல் சுமந்தவன் கதையைச் சொல்ல ஆள் இல்லை!

இரு குளங்களுக்கு நடுவே, கப்பல்போல் நீண்டு கிடக்கிறது ஜகாஸ் மகால். அதன் கூரைமீது வாய்க்கால் சுழித்துச் சுழித்துப் போகிறதே, அழகுக்காகவா? அல்ல! நீரின் வேகம் தணிந்து, மண்ணும் மாசும் அடியிலே தங்கி, தெளிந்த நீர் தொட்டிக்குச் சேர! குளித்தவர் அரண்மனையார், கணக்கறிந்து கட்டியவன் கொத்தன். அவன் பெயர் என்ன? எங்கும் காணோம்!

ஆனால், ஹோஷங் ஷாவின் சலவைக்கல் கல்லறைக்கு வாருங்கள். தாஜ்மகாலுக்கு ஏறத்தாழ 200 ஆண்டு மூத்தது. அதன் வாயிலிலே, 1659-ஆம் ஆண்டுக் கல்வெட்டு. கட்டடக் கலைஞர் நால்வர் வந்து மரியாதை செலுத்தியதைச் சொல்லுகிறது. யார் அந்த நால்வர்? ஷாஜகானின் கட்டடக் கலைஞர் உஸ்தாத் அகமதின் மகன் லுத்புல்லா, ஜாது ராய், சிவராம், ஹமீது!

மாண்டு 224 ஆண்டாகிவிட்ட மன்னனிடம் மானியம் கேட்கவா வந்தனர்? இல்லை! தொழிலறிந்தவன், தொழிலறிந்தவனின் கைக்கு வணக்கம் கூற வந்தான் என்றே நான் கொள்கிறேன். ஹமீதுக்குப் பக்கத்திலே சிவராம்! சாரத்தின்மேல் நிற்பவனுக்கு வேண்டியது கால் வழுக்காத பலகை. பக்கத்தில் நிற்பவனின் மதமல்ல!

அந்தக் கல்லறையும் அதைத்தான் சொல்லுகிறது. குவிமாடம் மேற்கே இருந்து வந்த முறை. கூரை விளிம்பைத் தாங்கும் தாங்கிகளோ, இந்நாட்டுச் சிற்பியின் கைப்பழக்கம். கோயில் தூண்களை எடுத்துவந்து நிறுத்திய மசூதியும் மாண்டுவிலே உண்டு, மறைக்கவில்லை. கொண்டுவா என்று ஆணையிட்டது அரியணை. சுமந்தது கூலிக்காரன் தோள்! அன்றைய ஆணைக்கு இன்றைய அண்டைவீட்டானைக் குற்றக் கூண்டிலே ஏற்றுவது எந்த நியாயம்? கல்லுக்குச் சாதியும் மதமும் கேட்டு ஊரைப் பிளக்க வருபவனிடம், அந்த நான்கு பெயர்களைப் படித்துக் காட்டுங்கள்!

நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. நாம் ஒரு படிப்பகம் கட்டுகிறோம். திறந்து வைத்தவர் பெயரைக் கல்லிலே பொறிக்கிறோம். கட்டிய கொத்தன் பெயர், மண் சுமந்த சித்தாள் பெயர் எங்கே? அடுத்த கல்லிலே, திறந்தவர் பெயருக்குக் கீழே, கட்டியவர் பெயருக்கும் ஒரு வரி ஒதுக்குவோம். 1659-லேயே முடிந்தது, நம்மால் முடியாதா?