காட்டுக்குள்ள ஓடாதீங்க, கால்வாய்க் கரையைக் கேளுங்க

ஊதா நிறத்தில் லாவெண்டர் பூத்துக் கிடக்கிறது. நடுவில் ஒரு மண் பாதை. அதில் ஒருத்தர் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஓடுகிறார். பிரான்சில் புரோவான்ஸ் என்ற பகுதியில் எடுத்த இந்த மாதிரிப் படத்தைப் பார்க்காதவர் குறைவு. பார்த்ததும் நம்ம ஆட்களுக்கு ஒரு வேகம் வந்துவிடும். "இதுக்கு எதுக்குப் பிரான்ஸ்? நம்ம தேனியில இல்லாத மலையா, காடா? குரங்கணியில ஓடலாம், மேகமலையில ஓடலாம், கவர்மெண்ட் மட்டும் காட்டைத் திறந்துவிட்டா..."

இந்தத் "திறந்துவிட்டா" கோஷ்டிக்குத் தெரியாத ஒரு சேதி உண்டு. அந்தப் புரோவான்சிலேயே காட்டைச் சும்மா திறந்து போடவில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தினமும் தீ அபாயத்தைக் கணித்து, எந்தக் காட்டுக்குள் போகலாம், எதற்குள் போகக்கூடாது என்று வண்ணம் தீட்டிய வரைபடம் வெளியிடுகிறார்கள். அபாயம் அதிகமான நாளில் ஓட்டக்காரன், சைக்கிள்காரன், நாய் கூட்டி வருபவன் யாருக்கும் அனுமதி கிடையாது. லாவெண்டர் வயலும் பொது இடமல்ல. அது ஒரு விவசாயியின் வெள்ளாமை. அங்கே லாவெண்டர் பூத்து அறுவடையாகிற காலமும் காடு மூடிக் கிடக்கிற காலமும் ஒன்றேதான். படத்தில் பூ மட்டும் தெரியும், பூட்டு தெரியாது.

தேனிக்கு வருவோம்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு திருப்பூர் பக்கமிருந்து இன்னொரு குழு. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத் தீ சூழ்ந்தது. 20 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அவர்களில் பலரும் இளவயதுக்காரர்கள், பெண்கள் நிறைய. சேதி கேட்டு முதலில் மலையேறி ஓடியவர்கள் சுற்றுவட்டார ஊர் ஜனங்கள்தான். காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்து இறக்கியதும் அவர்கள்தான். குரங்கணி மலையில் அன்றைக்கு நடந்த நிஜமான ஓட்டம் அது.

இதில் கவனிக்க வேண்டியது மாதம். வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஓய்ந்துவிடும். அப்புறம் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்... காலையில் குளிர், வானம் தெளிவு, பாதையில் சேறு இல்லை, அட்டை இல்லை. ஓடுவதற்கு இதைவிட நல்ல காலம் உண்டா? ஆனால் மலைச்சரிவில் இடுப்பளவு புல் காய்ந்து சருகாகிறதும் அதே காலத்தில்தான். ஓட்டக்காரனுக்குப் பிடித்த சீசனும் தீயின் சீசனும் ஒன்றே! சரிவில் பற்றிய தீ மேட்டுப் பக்கம் பாயும். கீழே எரிகிற நெருப்பின் அனல் மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே சூடேற்றி வைத்துவிடுகிறது. அதோடு காற்றும் சேர்ந்துவிட்டால் எத்தனை மெடல் வாங்கியவனாலும் மேட்டில் ஓடித் தப்ப முடியாது.

தீ போகட்டும், மிருகம்? 2023 மே 27 அன்று அரிசிக்கொம்பன் யானை கம்பம் நகருக்குள்ளேயே வந்து நின்றது. 144 தடை உத்தரவு போட்டார்கள். தெருவுக்கு வந்த யானையைப் பார்த்தே ஊர் அடங்கிப் போச்சு. அதன் வீட்டுக்குள்ளேயே போய், காதில் பாட்டைச் செருகிக்கொண்டு, வளைவில் வேகமாகத் திரும்புவேன் என்பதற்குப் பெயர் வீரமா?

"அப்போ எல்லாத்தையும் இழுத்துப் பூட்டிடணுமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பூட்ட வேண்டியதில்லை. 2024 அக்டோபரில் தமிழக அரசு 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளை முறைப்படி திறந்தது. குரங்கணி - சாம்பலாறு பாதையும் அதில் உண்டு. முன்பதிவு, கட்டணம், கூடவே வருகிற பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி, தீக்காலத்தில் நிறுத்தம். குரங்கணிச் சாவுகளிலிருந்து அரசாங்கம் படித்த பாடம் இது. நல்ல பாடம், கட்டணம் கசந்தாலும் சரி.

ஆனால் அந்த ஏற்பாடு முழுக்க நடப்பவருக்கானது. வழிகாட்டி முன்னால் போவார், சத்தம் கேட்பார், சாணத்தின் ஈரம் பார்ப்பார், நில் என்றால் நிற்க வேண்டும். ஓடுகிறவன் முதல் வேலையாக அந்த வழிகாட்டியைத்தான் பின்னால் விட்டுவிட்டுப் போவான். காட்டில் நடக்கலாம். ஓட்டப் பந்தயத்துக்கு அது மைதானம் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

இனி பேச வேண்டிய ஆட்களைப் பற்றிப் பேசுவோம். தேனி மாவட்டத்தில் தினமும் ஓடுகிறவர்கள் யார்? அழகான படத்துக்காக ஓடுகிறவர்கள் இல்லை. வேலைக்காக ஓடுகிறவர்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். ராணுவத்தில் 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால்தான் முழு மதிப்பெண். வனக்காப்பாளர் வேலைக்கோ ஆண்கள் 4 மணி நேரத்தில் 25 கிலோமீட்டர், பெண்கள் அதே நேரத்தில் 16 கிலோமீட்டர் நடந்து காட்ட வேண்டும். காட்டைக் காக்கப் போகிறவனே ரோட்டில்தான் நடந்து பழகுகிறான் என்பது தனிக் காமெடி :-)

போடி, தேவாரம், கம்பம், சின்னமனூர் பக்கத்துப் பசங்களும் பொண்ணுகளும் விடியுமுன் எங்கே ஓடுகிறார்கள்? ரோட்டோரம். அதே நேரத்தில் அதே ரோட்டில்தான் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாட்களை அடைத்துக்கொண்டு ஜீப்புகள் பறக்கின்றன. கேரளாவுக்குக் காய்கறி லாரி. கார்த்திகை, மார்கழி வந்தால் சபரிமலை வண்டிகள் வேறு. மாவட்ட விளையாட்டரங்கம் தேனியில் இருக்கிறது, சரி. தேவாரத்துப் பையன் அங்கே பஸ் பிடித்து வருவதற்குள் நன்றாக விடிந்து காலேஜுக்கே நேரமாகிவிடும்.

பத்தடி தள்ளிப் பார்த்தால் தீர்வு படுத்துக் கிடக்கிறது. லோயர்கேம்பில் கிளம்பி கூடலூர், கம்பம், கோம்பை, தேவாரம் பக்கமாகப் போடியை நோக்கிப் போகிற 18ஆம் கால்வாய். உத்தமபாளையம், தேனி வட்டங்களுக்குப் பாயும் பி.டி.ஆர். கால்வாய். வாய்க்கால் என்றாலே கூடவே கரை உண்டு. கரை ஏறக்குறைய சமதளம், தண்ணீர் மெதுவாக இறங்க வேண்டும் என்று வெட்டியது. முழங்காலுக்கு மண் தரை எவ்வளவு நல்லது என்று ஓடுகிறவர்களைக் கேட்டால் தெரியும்.

அழகா? 1895இல் முல்லைப் பெரியாறு அணையிலிருந்து தண்ணீர் கிழக்கே திரும்பியதால் செழித்த பள்ளத்தாக்கு இது. 14,707 ஏக்கரில் இருபோக நெல். தென்னை, வாழை. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சைப் பந்தல். மேற்கே கேரள மலை, கிழக்கே மேகமலை. இதைவிட என்ன 'சீனரி' வேண்டும்? இதற்கு நடுவே ஓட மரம் வெட்ட வேண்டாம், யானையை எழுப்ப வேண்டாம்.

அரசுக்கு இது புதுசும் இல்லை. 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 38 மாவட்டங்களிலும் தலா 8 கிலோமீட்டர் நடைபாதையை அறிவித்தார்கள். கொள்கை அளவில் ஒப்புக்கொண்டாயிற்று. மாவட்டத்துக்கு ஒன்று என்பதை ஊருக்கு ஒன்று என்று ஆக்கச் சொல்வதுதான் பாக்கி. கம்பத்தில் இரண்டு கிலோமீட்டர், தேவாரத்தில் இரண்டு, போடியில் இரண்டு. முள்ளை வெட்டி, குழியை நிரப்பி, நூறு மீட்டருக்கு ஒரு கல் நட்டு, விடியுமுன் ஓடுகிற பெண்பிள்ளைகளுக்காக நாலு விளக்கு. டைல்ஸ் வேண்டாம், செல்ஃபி பாயிண்ட் வேண்டாம்!

"கரை விவசாயிக்கு வேண்டும், டிராக்டர் போகும், தண்ணீர் விடும்போது ஆபத்து" என்பார்கள். உண்மைதான். விவசாயிக்குத்தான் முதல் உரிமை. டிராக்டர் வந்தால் ஓட்டக்காரன் ஒதுங்க வேண்டும். தண்ணீர் திறந்திருக்கிற நாட்களில் ஆபத்தான இடத்தில் கயிறு கட்டலாம். கால்வாயில் வருஷம் முழுக்கவா தண்ணீர் ஓடுகிறது? ஏலத்தோட்ட ஜீப்பை விட, காய்கறி லாரியை விட டிராக்டர் எவ்வளவோ தேவலை.

கணக்காகப் பார்த்தாலும் இதுதான் சரி. காட்டுக்குள் பந்தயம் வைத்தால் வரவு ஏற்பாட்டாளருக்கு, பதிவுக் கட்டணமாக. பனியனும் மெடலும் வெளியூர்க்காரருக்கு. ஏதாவது ஆகிவிட்டால் பற்று முழுக்க ஊருக்கு. டோலி தூக்குவது அவர்கள், அதற்கப்புறம் பாதையை மூடினால் பிழைப்புப் போவதும் அவர்களுக்கே. கால்வாய்க் கரையில் போடுகிற காசுக்கு வரவும் ஊரிலேயே தங்கும். ஒரு பையன் 1500 மீட்டரை 6 நிமிடம் 50 விநாடியில் முடித்தால் ஒரு வீட்டில் மாதச் சம்பளம் நுழைகிறது.

எனவே, காட்டைத் திறக்கச் சொல்லி மனுப் போடப் போகிறவர்கள் அந்தத் தாளிலேயே காட்டை அடித்துவிட்டுக் கால்வாய்க் கரை என்று எழுதுங்கள். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமைதோறும் மனு வாங்குகிறார்கள். குரங்கணிக்குப் போகணும் என்றால் தாராளமாகப் போங்க, மழை பெய்து புல் பச்சையானதும், வழிகாட்டியோடு, நடந்து.